சாப்பிட்டாயிற்றா என்று கேட்டவள்

இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில், மொண்டெல்லோ கடற்கரை உணவகமொன்றில் என்னோடு பாத்திரம் கழுவிய வியட்நாம்காரி தன் மொழியில் ஒரேயொரு வினைச்சொல்லைக் கற்றுத்தந்தாள். 'அன்' என்றால் சாப்பிடுவது. எந்தக் காலத்திலும் அது மாறாது. பக்கத்தில் வரும் குட்டிச் சொல்தான் மாறும். 'அன் ரோய்' என்றால் சாப்பிட்டாயிற்று, 'செ அன்' என்றால் இனித்தான், 'சுவா அன்' என்றால் இன்னும் இல்லை.

மறுநாள் மதியம் சோற்றுக் கிண்ணத்தை நீட்டி, "அன் சுவா?", சாப்பிட்டாயிற்றா, என்று கேட்டாள். பசி குடலைப் பிடுங்கியது. ஆனாலும் எங்கள் ஊர் மரியாதைப்படி, "அன் ரோய்" என்றேன். எங்கள் ஆட்கள் என்றால் விடுவார்களா? "சும்மா சொல்லாதேங்கோ, கொஞ்சமெண்டாலும் சாப்பிடுங்கோ" என்று இழுத்து இருத்துவார்கள். இவளோ தலையாட்டிவிட்டுக் கிண்ணத்தை மூடி வைத்தாள். வந்த கோபத்தையெல்லாம் சட்டிகளிடம் காட்டினேன். அடுத்த நாள் அவள் வாய் திறக்குமுன்பே "சுவா அன்!" என்று கத்தினேன்.

இப்போது அவள் மிலானில் இருக்கிறாள். ஞாயிறுகளில் போன் எடுத்து அதையேதான் கேட்கிறாள். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாலும் "சுவா அன்" என்றே சொல்கிறேன். உடனே ஏசத் தொடங்கிவிடுவாள், நெடுநேரம் ஏசுவாள். சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்பி, போனை வைத்துவிடுவாளே.