பூஜையில் நடுவே வைத்த புரொப்பெல்லர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். நான் படித்தது பத்தாவது. தமிழ் எழுத்து வீட்டில் கற்றது, பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான். படகு, இன்ஜின் என்று ஒரு குடும்பத்துப் பெண் எழுதினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். சாமி காரியத்தைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிசு. போன கார்த்திகைக்கு விளக்கேற்றும்போது ஏனோ பயம் விட்டுப்போனது. எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மெட்டுகுடாவில். மாமனார் லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே கொடுத்துவைக்கவில்லை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பம்ப், மோட்டார் பார்க்கிற வேலை. அங்கே இருந்தபோதுதான் அவருக்கு இழுப்பு வந்தது. தலையணையை மடித்து முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். டாக்டர், "முதல்ல அந்த வாடையை விட்டு வெளியே வாங்க, மருந்து அப்புறம்" என்று சொல்லிவிட்டார்.

முருகன் கண் திறந்தான். ஊருக்கு வெளியே ஒரு ஏரியில் படகு விளையாட்டு நடத்துகிறவரிடம் வேலை கிடைத்தது. படகை ஓட்டவும் வேண்டும், இன்ஜினைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஏரிக் காற்று பட ஆரம்பித்த பிறகு ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். மூச்சுச் சத்தமே இல்லை. பதறிப்போய் மூக்குகிட்டே விரலை வைத்தேன்.

"இருக்கேன்மா, இருக்கேன். தூங்க விடு" என்றார்.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது வேகமாகப் பறக்கிற படகு இல்லை. உள்ளே பெரிய பைகளில் தண்ணீரை நிரப்பி வேண்டுமென்றே கனமாக்குவார்கள். கனத்தில் பின்பக்கம் அமிழ்ந்து, படகுக்குப் பின்னால் நல்ல அலை எழும். விளையாடுகிறவர் கயிற்றைப் பிடித்துப் பலகையில் எழுந்து நின்று, பிறகு கயிற்றை விட்டுவிட்டு அந்த அலையிலேயே சறுக்கிக்கொண்டு வருவார். மெதுவாகத்தான் ஓட்டுவார்கள், ஆனால் இழுக்கிற பாரம் அதிகம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, மாமனார் பட்டறையிலிருந்து கொண்டுவந்தது. கருவியை அதை ஆள்கிறவரே தன் கையால் துலக்க வேண்டும். பூஜையில் நடுவே வைத்த கருவிதான் மறுநாள் முதலில் வேலைக்குப் போக வேண்டும். அந்த வருஷம் இவர் படகை வண்டியில் ஏற்றி நிறுத்திவிட்டு, புரொப்பெல்லரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே ஷெட்டில் சும்மா கிடந்த இன்னொன்றையும் கொண்டுவந்தார்.

"இது எதுக்குங்க?"

"சும்மா கிடக்குதுன்னு அதுக்கு மட்டும் பொட்டு வைக்காம விடலாமா, பாவம்" என்றார்.

இரண்டும் ஒரே வெண்கலம், ஒரே அகலம், ஒரே மாதிரி நாலு இதழ். ஓடினது கறுத்திருந்தது, கிடந்தது பச்சை பூத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில் இரண்டும் கோயில் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிட்டன. சந்தனம், குங்குமம், பூ. ஒன்று நடுவில், ஒன்று ஓரத்தில். எது எங்கே என்று யார் வைத்தது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை வழக்கு தீரவில்லை. மறுநாள் பொரி கடலை கொடுத்து முடித்ததும், நடுவில் இருந்ததைக் கும்பிட்டு எடுத்துப்போய் இவர் மாட்டிவிட்டார். மற்றது சாமி அலமாரிக்குக் கீழே சாக்கில் தங்கிப்போனது.

அன்றிலிருந்து படகு இழுக்கவில்லை.

தண்ணீர்ப் பை நிரப்பி, ஆளைக் கயிற்றில் விட்டால் இன்ஜின் முனகுகிறது, படகின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, பின்னால் இருப்பவர் எழுந்திருக்கவே முடியாமல் தண்ணீர் குடிக்கிறார். கயிறு பார்க்கிற பாய் ஒருத்தர் இவருக்குக் கூட்டாளி. அவர் விடுவாரா? "கைக்கு அண்ணா, ஏன் இப்படி, பூஜை ஜாஸ்தி ஆயிடுச்சா? படகு விரதம் இருக்குதா?" என்று கேலி. முதலாளி கேலி செய்யவில்லை. "நன்றாக ஓடின இன்ஜின். நீ கழற்றி மாட்டினதும் போயிற்று. வியாழக்கிழமை மெக்கானிக் வந்து பிரித்துப் பார்ப்பான். நீ சூடாக்கிக் கெடுத்தது என்று தெரிந்தால் அப்படியே வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் போவதென்றால் எங்கே போவது? பழைய கம்பெனியில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வாடைக்கே திரும்பினால் இவர் நெஞ்சு தாங்காது. நான் முருகன் கோயிலுக்குப் போய், "சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லை, அந்த மூச்சை மட்டும் திருப்பி வாங்கிக்காதே" என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஃபுல்லா த்ராட்டில் கொடுத்தாலும் இன்ஜின் சுத்து காட்டுற ஆர்.பி.எம். முள் ஏறமாட்டேங்குது. பாதியிலேயே நின்னுடுது."

"ஆயில், ஃபில்டர் செக் கியா டாடி?" என்றாள் மகள். தமிழில் கேட்டால் இந்தியில்தான் பதில் சொல்லுவாள்.

"ஹவ், ஆமா, எல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணுதான் புரியலை. பையைக் காலி பண்ணி, பின்னால ஆளே இல்லாம ஓட்டினா, முள் அதே இடத்துல நிக்கும்போதே படகு முன்னைவிட வேகமாப் போகுது."

எனக்கு இன்ஜின் தெரியாது. மனசில் பட்டதைக் கேட்டேன். "சீக்காளி எப்படிங்க முன்னைவிட வேகமா ஓடுவான்?"

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், சாமி அலமாரியைப் பார்த்தார். குனிந்து சாக்கை இழுத்து, காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் சுரண்டினார். அடியில் நம்பர் இருந்தது.

"அட முருகா, இழுக்கிறது இங்க உட்கார்ந்திருக்கு!"

பிறகு எங்களுக்கு விளக்கினார். புரொப்பெல்லர் மரத்தில் இறங்குகிற ஸ்குரூ மாதிரி. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பதைப் பிட்ச் என்கிறார்கள். அடியில் பொறித்த நம்பர் அதைத்தான் சொல்கிறது. பிட்ச் கூடினது வேகத்துக்கு. ஒரே சுற்றில் நிறையத் தண்ணீரைக் கடிக்கும். கனத்தோடு இழுக்கச் சொன்னால் இன்ஜினால் அதைச் சுற்ற முடியாது, முள் ஏறாது. பிட்ச் குறைந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும். இன்ஜின் தன் வேகத்துக்குச் சுற்றும், பாரமும் எழும்பும். படகில் மாற்றிப் போட வேறு கியர் கிடையாது. புரொப்பெல்லர்தான் அதற்குக் கியர்.

"பிரிட்ஜ் மேல ஆட்டோவை டாப் கியர்ல ஏத்தற மாதிரி" என்றாள் மகள். அதிசயமாகத் தமிழில் சொன்னாள்.

வியாழன் காலை நானும் கூடவே போனேன். வீட்டில் இருந்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். மெக்கானிக் வருவதற்குள் படகை வண்டியில் ஏற்றி இவர் புரொப்பெல்லரை மாற்றினார். முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றார். "சரி, நானே இறங்குகிறேன். என்னை இழுத்தால் யாரையும் இழுக்கும்" என்றார். ஆள் கனமானவர். பாய் என் காதுபட, "நக்கோ சாப், வேணாம், ஏரி வழிஞ்சிடும்" என்று முணுமுணுத்தார்.

பைகள் நிரம்பின. நான் கரையில் கந்தர் சஷ்டி கவசத்தை ஆரம்பித்தேன், பாதியில் வரி மறந்துவிட்டது. இன்ஜின் சத்தம் முனகலாக இல்லாமல் ஒரே சீராக ஏறியது. மூக்கு இறங்கியது. முதலாளி தண்ணீரிலிருந்து முழங்காலுக்கு எழுந்து, தள்ளாடி, நிமிர்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கயிற்றையும் விட்டுவிட்டு அலை மேல் வந்தார், குழந்தை மாதிரி கத்திக்கொண்டு. பாய் விசில் அடித்தார். நான் கல் மேல் உட்கார்ந்து அழுதேன். அப்பேர்ப்பட்ட நிம்மதி எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

மெக்கானிக் வந்து டீ குடித்துவிட்டுப் போனார். இன்ஜினைப் பிரிக்கவில்லை. இவர் இன்றைக்கும் அதே ஏரியில்தான் இருக்கிறார்.

ஆனால் கதை ஊரில் இரண்டாகிவிட்டது. கோயிலில் சிலர், முருகனே இன்ஜினில் இறங்கி இழுத்தான் என்கிறார்கள். ஏரிப் பக்கம் சிலர், பூஜை போட்டதால்தான் படகு கெட்டது என்கிறார்கள். இரண்டுமே நடக்கவில்லை. பூஜை படகைக் கெடுக்கவில்லை, புரொப்பெல்லர் மாறிப்போனது, அவ்வளவுதான். சாமி என்ன செய்தான் என்றால், என் வாயில் அந்தக் கேள்வியை வைத்தான். அது என் நம்பிக்கை.

எங்கேயோ ஒரு படகோட்டி, இன்ஜினைக் கெடுத்தான் என்ற பழியோடு நிற்கலாம். அவருக்கு அற்புதக் கதை போய்ச் சேர்ந்தால் விபூதி பூசிக்கொண்டு காத்திருப்பார். குனிந்து நம்பரைப் பார்க்க மாட்டார். மற்ற கதை போய்ச் சேர்ந்தால் சாமியை விட்டுவிடுவார். அதனால் கையெடுத்துக் கேட்கிறேன். தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், அனுப்புங்கள். ஆனால் சந்தனத்தையும் எடுக்காதீர்கள், அதற்கு அடியில் இருந்த நம்பரையும் எடுக்காதீர்கள். நான் எழுதினபடியே போகட்டும்.