கழுதைக்குக் கண் பார்த்த வைத்தியன்

குவைத்தில் நர்ஸாக இருந்த என் சித்தி லீவில் வரும்போதெல்லாம் சோப்பும் தைலமும் கொண்டுவருவாள். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஒரு நாடகத்தையும் கொண்டுவந்தாள். கூட வேலை பார்த்த எகிப்துக்கார நர்ஸ் சொல்லிக்கொடுத்த அரபு நிழல் நாடகம். வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, நடுவில் குச்சியில் செருகிய தோல் பொம்மைகள், ஒரே ஆள் பத்துக் குரலில் பேசுவது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கெய்ரோவில் ஒரு கண் டாக்டரே இப்படி நாடகம் எழுதி, ஊர்ப் பித்தலாட்டக்காரர்களைச் சந்தி சிரிக்க வைத்தாராம். டாக்டர் எழுதியது என்பதில் சித்திக்குத் தனிப் பெருமை. ஏதோ இவளே பக்கத்தில் நின்று ஊசி எடுத்துக்கொடுத்த மாதிரி பேசுவாள்.

எம். புதுப்பட்டிப் பக்கம் தோலுக்கு எங்கே போவது? சிவகாசி அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் அட்டையை வெட்டினோம். கழுதைக்குக் கண் பார்க்கும் போலி வைத்தியன் என்று சித்தியே ஒரு கதை கட்டினாள். கழுதை என் பொறுப்பு. ஒரு வாரம் நான் கத்திப் பழகியதில் அப்பாவுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் சர்ச் கூடத்தில் நாடகம். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற வீடுகளெல்லாம் வந்திருந்தன. நிழல் விழ இருட்டு வேண்டுமென்று சித்தி கதவைச் சாத்தப் போனாள். வாசலருகே உட்கார்ந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டு அத்தை நிலைப்படியில் காலை நீட்டிவிட்டார்.

"சாத்தாதீக நர்சம்மா. உள்ள ஆளு இருக்கையில கதவு சாத்தப்படாது. எங்க கம்பெனியில மொதப் பாடமே அதான்."

"இங்க என்னக்கா வெடிமருந்தா இருக்கு? வெளிச்சம் வந்தா பொம்மை தெரியாதுல்ல."

"தெரியாட்டிப் போகுது."

அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். ஒரு வாரம் கத்தியது வீணாகப் போகிறதே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இருட்டுன்னா பயமா அத்தை?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஆமாத்தா, பயந்தான்," என்றார் அத்தை. காலை எடுக்கவில்லை.

சித்தி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு துணியை அவிழ்த்து வாசல் நிலையிலேயே கட்டினாள். பொம்மையோடும் டார்ச்சோடும் நாங்கள் உள்ளே, ஜனமெல்லாம் வெளியே மைதானத்தில். பொழுது இறங்கியதும் நிழல் அருமையாக விழுந்தது. வைத்தியன் கழுதையின் வாலைத் தூக்கிக் கண்ணைத் தேடியபோது மைதானமே உருண்டு புரண்டு சிரித்தது. கழுதையை மறுபடி கத்தச் சொல்லிக் கேட்டார்கள். அன்றைய சந்தோஷம் அப்புறம் எந்தப் பரிசிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அத்தை மட்டும் மைதானத்துக்குப் போகவில்லை. கூடத்தைச் சுற்றிவந்து பின்கதவை அகலத் திறந்து, காற்றில் அது சாத்திக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் முதுகும் குச்சியும்தான் தெரியும். கடைசி வரை அசையவில்லை.

நான் கேலி செய்த கோபத்தில்தான் என் கழுதையைப் பார்க்க மறுக்கிறார் என்று நினைத்தேன். அதனால் நானும் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.