ராங்கிக்குப் போட்ட சோறு

தராசக்காவின் வாயில் பொய் வந்தாலும் வரும், அவள் தராசில் வராது. கோழி ஆராய்ச்சிப் பண்ணையில் அது எல்லோருக்கும் தெரியும். காலையில் ஒவ்வொரு கூண்டுக் கோழிக்கும் தனித்தனி டப்பாவில் தீவனம் நிறுத்து வைப்பாள். மறுநாள் அது மிச்சம் வைத்ததை வழித்தெடுத்து மறுபடி நிறுப்பாள். கீழே சிந்தியதைக்கூட விடமாட்டாள். "கோழியே வந்து கணக்குக் கேட்டாலும் அக்கா காட்டிடுவாங்க" என்று பண்ணை டிரைவர் கிண்டல் செய்வார்.

இத்தனை பாடும் டாக்டரம்மாவுக்காக. அவருக்கு அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். குறைவாகத் தின்று நிறைய முட்டையிடும் கோழி எது, அந்தக் குணம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகிறதா என்று ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். தேறியவை தாய்க்கோழிக் கொட்டகைக்குப் போகும். பல காலம் உயிரோடு இருக்கும். தேறாதவை பண்ணைக்குள்ளேயே இருக்கும் அறுப்புக்கூடத்துக்குப் போகும். நடுவில் வேறு வழி கிடையாது.

அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் தூரத்து ஊரில். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

அதற்கு மேல் கேட்க மகளுக்கு நேரமில்லை, சொல்ல அம்மாவுக்கு விஷயமில்லை. மகளைக் குறை சொல்லவும் முடியாது. கைக்குழந்தையும் வேலையுமாக அவள் படும் பாடு அவளுக்கு. ஆனால் நியாயம் பேசினால் வீடு நிறைந்துவிடுமா? ராத்திரிச் சாப்பாட்டை அக்கா அடுப்படியில் நின்றபடியே விழுங்கிவிடுவாள். தட்டெடுத்து உட்கார்ந்து சாப்பிட்டே மாசக்கணக்காகிறது.

கொட்டகையில் முன்பெல்லாம் அவளோடு இன்னொருத்தி இருந்தாள். வாயாடி. அவள் பேச்சிலேயே பாதி வயிறு நிறையும். தண்ணீர் தானாக வரும் குழாய் போட்டதும் ஆள் மிச்சம் என்று அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மத்தியானத்தில் கைகழுவும் குழாயடியில் உட்கார்ந்து சாப்பிட அக்கா மட்டும்தான். குழாய்க்குப் பக்கத்தில் வரிசையின் கடைசிக் கூண்டு. அதில் ஒரு கோழி. மற்றதெல்லாம் ஆளைக் கண்டால் பதறும்; இது மட்டும் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, 'என்ன, இன்னிக்கு லேட்டா?' என்பதுபோல் பார்க்கும். அந்தத் திமிருக்காகவே அக்கா அதற்கு ராங்கி என்று பெயர் வைத்தாள்.

முதலில் ஒரு பருக்கை போட்டாள். பிறகு ஒரு பிடி. பிறகு அதற்கென்றே கொஞ்சம் கூடுதலாக வடித்துக் கொண்டுவந்தாள். "இன்னிக்கு உப்பு கம்மிடி, பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே ஊட்டுவாள். ராங்கி கேட்டுக்கொண்டே தின்னும். கூண்டுக்குள் தீவனத்தைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது என்பது அக்காவே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம்தான். ஆனால் அவள் மனசில் தீவனம் வேறு, சோறு வேறு. தீவனம் வேலை. சோறு, கூட இருக்கிறவர்களுக்குப் போடுவது. அதை யார் தராசில் வைப்பார்கள்?

ஒருநாள் டாக்டரம்மா கொட்டகைக்குள் ஓட்டமாக வந்தார்.

"அக்கா! இந்தக் கடைசிக் கூண்டுக் கோழிய கவனிச்சீங்களா? தீவனத்துல கால்வாசிய மிச்சம் வைக்குது, முட்டை மட்டும் தவறவே இல்ல. இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்லக்கா. இதோட குஞ்சுங்கள வச்சுத்தான் இனி எல்லாமே. நாளைக்கு தாய்க்கோழிக் கொட்டகைக்கு மாத்திடலாம்."

அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ராங்கி பிழைத்துக்கொண்டாள். அந்தக் கொட்டகைக்கும் தீவனம் போடுவது இவள்தான், தினமும் பார்க்கலாம். டாக்டரம்மா போன பிறகுதான் விஷயம் உறைத்தது. ராங்கி குறைவாகத் தின்கிறவள் இல்லை. சோறு தின்கிறவள். அவள் வம்சம் என்று சொல்லிக் குஞ்சுகளை வளர்ப்பார்கள், அதை நம்பி எவனெவனோ தீவனத்தைக் குறைப்பான். தாய் வயிறார உண்டதற்குப் பிள்ளைகள் அரைவயிற்றோடு கிடக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையை அக்கா நிஜமாகவே செய்திருந்தாள், அதுவும் தன் சோற்றில்.

வாயை மூடிக்கொண்டால் ராங்கி இருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் காலை அக்கா டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கும் வராமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "ஆறு வருஷம்க்கா! போயும் போயும் நீங்களா? வேற யார் செஞ்சிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். தினமுமா போட்டீங்க?"

"நான் சாப்புடுற அன்னிக்கெல்லாம்."

"எதுக்குக்கா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "தனியா சோறு எறங்கலம்மா."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன். ஆனா அந்தக் கோழி இனி எதுக்கும் ஆகாதுக்கா."

"நான் வீட்டுக்குக் கொண்டுபோயிடட்டுமா? என்ன வெலையோ அத குடுத்துடறேன்."

"பண்ணைக் கோழி உயிரோட வெளிய போகக்கூடாது. நோய் பரவும்னுதானே சட்டம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

கழிக்கிற கோழியைக் கடைசியாக ஒருமுறை நிறுக்க வேண்டும். அதையும் அக்காதான் செய்தாள். ராங்கி தராசில் திமிறாமல் உட்கார்ந்திருந்தாள். அறுப்புக்கூடத்துப் பையன் கூடையோடு வந்து, "குடுங்க அக்கா, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். "என்கிட்டதான் அடங்கும்" என்று சொல்லி அவளே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலமே கடைசிக் கூண்டில் வேறொரு கோழியை விட்டார்கள். மறுநாள் மத்தியானம் அக்கா குழாயடியில் டப்பாவைத் திறந்தாள். சோற்று வாசனைக்கு அந்தப் புதுக்கோழியும் கம்பிக்கு வெளியே தலையை நீட்டியது. அக்கா கூண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அது எட்டி அவள் மேலங்கியை ஒரு கொத்து கொத்தியது. பிறகு இன்னொரு கொத்து. அக்கா திரும்பவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.