பலகை மேல் நின்று துவைத்தவள்

என் அக்காள் புருஷன் பஸ் கம்பெனியில் மெக்கானிக். வீட்டில் ஃபேன், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் கல்யாணத்தோடு வந்தவை. "பொருளை வெச்சுக்கத் தெரியணும் மாப்ள" என்பார். அவற்றில் அவருக்குச் செல்லப்பிள்ளை வாஷிங் மெஷின். வந்தவர்களைக் குளியலறைவரை கூட்டிப்போய் அதைத் தட்டித் தட்டிக் காட்டுவார். ஓடாத நேரத்தில்தான். அதில் ஒரு கைக்குட்டைகூட அவர் துவைத்ததில்லை.

துவைத்தவள் அக்கா. அவளுக்கு அது ஷாக் அடிக்கும். எலெக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துவிட்டு, "எர்த்தே இல்லக்கா, உள்ள வயரும் போச்சு. தூக்கிப் போட்ருங்க" என்றார்.

"வேலை தெரியாதவன் தூக்கித்தான் போடச் சொல்வான்" என்று அத்தான் அவரை அனுப்பிவிட்டார்.

அக்கா தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகை, காலில் ரப்பர் செருப்பு. முதலில் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்ப்பாள். பிறகுதான் மூடியைத் திறப்பாள். அத்தானிடம் பேசுவதற்கும் கிட்டத்தட்ட இதே பக்குவம்தான் அவளிடம் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினாள்.

மெஷின் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. இன்னும் ஓடுகிற மிகப் பழைய மெஷினுக்குப் புது மெஷின் பரிசு. அத்தான் எழுதிப் போட்டார். படம் எடுக்க வருவதாகப் பதில் வந்தது. அக்கா எனக்குப் போன் செய்தாள். அவள் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

"புதுசு வந்துட்டா வெறுங்காலோட நின்னு துவைப்பேன்டா தம்பி."

அவர்கள் வரவிருந்த அன்று காலையில் அத்தான் குளியலறையைக் கழுவிவிட்டார். கறுத்துப்போன பலகையையும் தேய்ந்த செருப்பையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். படத்தில் அசிங்கமாக விழுமாம். படத்துக்கு அவர் உடுத்தவேண்டிய சட்டை, அதற்கு முன்பே அக்கா போட்டது, மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"பலகை எங்கங்க?"

"போட்டாச்சு. ஒரு நாள் அது இல்லாம நின்னா கொறைஞ்சா போயிடுவே? வெளிச் செருப்போட உள்ள வராதே, இப்பத்தான் கழுவியிருக்கேன். சட்டையை எடு, அவங்க வந்துடுவாங்க."

ஈரத்தரையில் வெறுங்காலோடு போனாள். இதை அத்தானே என்னிடம் அழுதுகொண்டு சொன்னார். அழட்டும். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை.

மெயினை அணைத்துத்தான் அவளைத் தூக்கியிருக்கிறார்கள். உயிர் இல்லை. கூடத்தில் கிடத்திய பிறகு, இருட்டாக இருக்கிறதே என்று யாரோ மெயினைப் போட்டார்கள். நான் அப்போதுதான் உள்ளே நுழைந்தேன். குளியலறையில் மெஷின் விட்ட இடத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தது. படம் எடுக்க வந்தவர்கள் வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்ததும் பழைய இரும்புக்காரரை நான்தான் கூப்பிட்டேன். அவர் மெஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"ஓடுமா சார்? ஓடினா உடைக்க வேணாம், யாராவது வீட்டுக்கு வாங்கிப்பாங்க."

நான் வாய் திறப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தான் தலைநிமிர்ந்தார்.

"நல்லா ஓடும்பா. இதுவரைக்கும் ஒரு ரிப்பேர் வந்ததில்ல."

நான் அவருடைய டூல் பாக்ஸைத் திறந்து சுத்தியலை எடுத்தேன். மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, மோட்டார் நொறுங்கும்வரை அடித்தேன். அத்தான் தடுக்கவில்லை.

"இனி ஓடாது. எடுத்துட்டுப் போங்க" என்றேன்.