கப்பலண்டி முக்கில் கப்பல் இல்லை

ஆட்டோ ஓட்டக் கையும் காலும் போதும் என்று நம்பித் தேனிப் பக்கமிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தேன். முதலில் வேண்டியது காது என்று யாரும் சொல்லவில்லை. மலையாளம் பாதி தமிழ்தானே என்று என்னைப்போல் மெத்தனமாக வந்திறங்கிய சகோதரர்களே, அந்த மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். வண்டி அஷ்ரப் இக்காவுடையது; இக்கா என்றால் அண்ணன். "மூணு பராதி வந்தா சாவி இங்ஙோட்டு" என்று சொல்லித்தான் கொடுத்தார். பராதி என்றால் புகார், இங்ஙோட்டு என்றால் இங்கே. எனக்கோ வேறு பிழைப்பு இல்லை.

கப்பல் எங்கே?

ஏறிய சேச்சி போனில் பேசிக்கொண்டே "கப்பலண்டி முக்கு" என்றார். கப்பல் என்றால் தண்ணீர் இருக்குமே! நேரே படகுத்துறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். சேச்சி தன் காய்கறிப் பையையும் காயலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மோனே, கப்பலண்டின்னா நிலக்கடலை. கப்பலில் போகாணெங்கில் ஞான் பெட்டி எடுக்கில்லே?"

நானா குடிகாரன்?

சேச்சி இக்காவின் பக்கத்து வீடு. முதல் பராதி அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

இரண்டாவதில் என் கோபமும் சேர்ந்துகொண்டது. நம்மை இங்கே சிலர் 'பாண்டி' என்பதும், அது சுருக்கென்று தைப்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு பெரியவர் வண்டிக்குள் தலையை நீட்டி, "பாண்டிக்குடி?" என்றார். "பாண்டி, குடியா?" என்றுதான் என் காதில் விழுந்தது. "நான் குடிக்கிறதே இல்ல சார்! பாண்டி கீண்டின்னா நல்லா இருக்காது!" என்று இறங்கி நின்றேன். ஸ்டாண்டே கூடிவிட்டது. பாண்டிக்குடி என்று பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறதாம். பெரியவர் பாவமாகக் கேட்டார்:

"எடோ, என்றெ வீடு அவிடெயாணு. இனி ஞான் வீடு மாறணோ?"

வேகம், வேகம்!

வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தவர் பையை வயிற்றோடு அணைத்தபடி, "வைட்டிலா, வேகம்!" என்றார். 'வயித்துல' என்று கேட்ட எனக்கு மனசு பதறிவிட்டது. பறந்துபோய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "ஸ்ட்ரெச்சர்!" என்று கத்தினேன். இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கியே விட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவர் அலறினார்:

"எனிக்கு வயற்றில் ஒந்நுமில்லா! வைட்டிலாவிலாணு பஸ்!"

சொந்த ஊர்

வைட்டிலா என்பது வெளியூர் பஸ் ஏறும் இடமாம். அவருடைய பஸ் போய்விட்டது. மூன்றாவது பராதியும் வந்தது. இக்கா கையை நீட்டினார். சாவியைக் கொடுக்கும்போது அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

"இனி எவிடெ போகும்?"

"பெரியபட்டிக்குத்தான் இக்கா."

"எந்து?"

"பெரியபட்டி. எங்கப்பா, தாத்தா எல்லாரும் பெரியபட்டிதான்."

இக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சாவியை என் சட்டைப்பையில் போட்டார்.

"பட்டின்னா இவிடெ நாயாடா! உன்னை பெரிய நாயின்றெ அடுத்து ஞான் எங்ஙனெ விடும்? வண்டி எடுக்கு!"

ஆக, சகோதரர்களே, சாவி பிழைத்தது, பெயர்தான் போய்விட்டது: ஸ்டாண்டில் இப்போது எல்லோரும் என்னைக் கூப்பிடுவது 'வைட்டிலா' என்றுதான்.