பயப்படாத கன்னியப்பனும் ஜெனிஃபரின் விண்கலமும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெனிஃபருக்கு முப்பத்தொரு வயதில் ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. கன்னியப்பனைப் பயமுறுத்த வேண்டும். வண்டி வாங்குவது, மாடி எடுப்பது எல்லாம் அதற்கப்புறம்.

தெரியாதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். கன்னியப்பனைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். காவாந்தண்டலத்தில் நாலு ஏக்கர் நிலமும் சொந்தமாக நெல்லறுக்கும் மெஷினும் உள்ள மனிதர். ஆனால் ஊர் அவரை நினைப்பது வேறொரு காரியத்துக்கு. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் யார் விழுந்து செத்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார், தூக்கி வருவார், கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார். அப்படிப்பட்டவரைப் பட்டப்பகலில், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, வெறும் வாயால் நடுங்க வைக்கப் பார்த்தாள் ஜெனிஃபர்.

அவள் நடத்தும் விளையாட்டு அப்படி. மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இறங்கி, நான் கதவைத் திறக்கிறேன், நான் ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கதவு திறந்ததா, ஓடியவர் தப்பித்தாரா என்பதை உருட்டிப் போடும் கட்டை தீர்மானிக்கும். கடையில் கூட்டமில்லாத நேரங்களில் வெளிநாட்டுக்காரர்கள் இதை விளையாடும் வீடியோக்களை ஆறு மாதம் பார்த்தாள். இருபது முகம் கொண்ட கட்டையை ஆன்லைனில் வரவழைத்தாள். ஞாயிறு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேமினேஷன் மேஜையைத் துடைத்துப் போட்டு ஆட்டத்தை ஆரம்பித்தாள்.

முதல் ஆட்டம் கேவலமாக முடிந்தது. வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, நர்ஸ் வேலை பார்க்கும் அவளுடைய பள்ளித் தோழி சசிரேகா. இன்னொருவன் பக்கத்து செல்போன் ரிப்பேர் கடை அரவிந்தன். வீடியோவில் பார்த்தபடியே பனிமூட்டம், பாழடைந்த மாளிகை என்று ஜெனிஃபர் குரலைத் தாழ்த்திக் கொண்டுபோனாள். மாளிகையின் கதவு தானாகத் திறக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"வேற இன்னா பண்றது, வூட்டுக்குப் போறேன்" என்றாள் சசிரேகா.

"தானா தெறக்கற கதவுல எவங்க்கா உள்ள போவான்? நானும் போறேன்" என்றான் அரவிந்தன்.

ஏழு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போக முடியாத ஓர் இடம் வேண்டும் என்று யோசித்துத்தான் ஜெனிஃபர் விண்வெளிக்குப் போனாள். காஞ்சிபுரத்தில் படித்த பி.எஸ்சி. இயற்பியல் அங்கே கை கொடுத்தது. தன் விண்கலத்துக்குப் பாலாறு என்று பெயர் வைத்தாள். "அப்ப உள்ள தண்ணி இருக்காதே" என்றான் அரவிந்தன். இருந்தாலும் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

வேறு தொல்லைகளும் வந்தன. கட்டையில் ஒன்று விழுந்தால் நாசம் என்பது வீடியோக்காரர்களின் சட்டம். இங்கே ஒன்று விழுந்ததும் "தாயம்!" என்று இருவரும் துள்ளினார்கள். தாயம் போட்டவனைப் பிடித்து விண்வெளியில் வீச ஜெனிஃபருக்கு மனசு வரவில்லை, சட்டத்தையே மாற்றினாள். கதைக்குள் இறங்குகிற பாத்திரத்தைப் பற்றி எழுத ஒரு தாள் உண்டு. கற்பனையாக ஒரு பெயர் வைத்து, வயது, வேலை, எதற்குப் பயம் என்றெல்லாம் எழுத வேண்டும். ஆனால் ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளை நீட்டினால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? சொந்தப் பெயரை எழுதி, தகப்பனார் பெயர் போட்டு, கதவு எண், தெருவெல்லாம் நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். போட்டோ எங்கே ஒட்ட வேண்டும் என்று அரவிந்தன் கேட்டான். ஜெனிஃபர் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் மாற்றிவிட முடியவில்லை.

அறுவடை முடிந்து மெஷின் ஷெட்டில் நின்ற மாதத்தில் கன்னியப்பன் வந்து சேர்ந்தார். சிட்டா எடுக்க வந்தவர், பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளிருந்து சசிரேகா அலறியதைக் கேட்டு, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று குனிந்து உள்ளே நுழைந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய தாளில் எதற்குப் பயம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார்.

ஜெனிஃபரின் அப்பா வேதகிரி, கன்னியப்பன் வீட்டு நிலத்தில் இருபது வருடம் கூலி வேலை செய்தவர். இன்றைக்கும் கன்னியப்பன் எதிரே வந்தால் எழுந்து நிற்பார். ஆனால் விளையாட்டு மேஜையில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே கன்னியப்பன்தான், "எனுக்கு இன்னாம்மா தெரியுது?" என்று கேட்க வேண்டும். ஜெனிஃபர் சொன்னால்தான் அவருக்கு எதுவும் தெரியும். அந்தச் சுகத்தை அவள் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் மனிதர் அசையவில்லை. வாரா வாரம் வந்தார், முறுக்கைக் கடித்தார், எல்லா இருட்டறைக்குள்ளும் முதல் ஆளாகப் போனார். சசிரேகா கண்ணைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் அவர் கொட்டாவி விட்டார். ஒரு ஞாயிறு போகிற போக்கில் சொல்லியும்விட்டார்.

"தப்பா நெனைக்காத ம்மா. இதுங்க ரெண்டும் உனுக்காகக் கத்துதுங்க. பாவம், பொண்ணு இவ்ளோ கஸ்டப்பட்டு சொல்தேன்னு."

ஜெனிஃபருக்குச் சுருக்கென்றது. சசிரேகா உயிர்த்தோழி. அரவிந்தனுக்கு அவள் கடையில் எல்லா நகலும் இலவசம். இவர் சொல்வதுபோல அவளுக்குக் கதை சொல்லவே வராமல், அன்புக்காக இருவரும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால்? இத்தனை நாள் தனக்கு ஒரு திறமை இருப்பதாக நினைத்துக்கொண்டு திரிந்ததெல்லாம் வெறும் கூத்துதானா? ரோஷம் வந்துவிட்டது.

"மூணு ஞாயித்துக்கெழம குடுங்கண்ணா" என்றாள். "அதுக்குள்ள உங்களுக்குப் பயம் காட்டலன்னா இந்தக் கட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துட்டு கடைய மட்டும் பாத்துக்கினு கெடக்கறேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

முதல் ஞாயிறு, விண்கலத்தின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பிணத்தை மிதக்க விட்டாள். அதைவிட முட்டாள்தனம் இருக்க முடியாது. "எத்தினி நாளாச்சி?" என்று கேட்டார் கன்னியப்பன். மூணு நாள் என்றாள். "மூணு நாளா? அப்ப இப்டி இருக்காதே" என்று ஆரம்பித்து, எப்படி இருக்கும் என்பதை விரலிலிருந்து தலைமுடி வரை அவர் விளக்கியபோது அரவிந்தன் வெளியே ஓடினான். நர்ஸ் வேலை பார்க்கிற சசிரேகாவே கையிலிருந்த போண்டாவைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டாவது ஞாயிறு, எட்டுக் கால்களுடன் ஒரு ஜந்துவைக் கூரையிலிருந்து இறக்கினாள். "நண்டு மாரி கீது" என்றார் கன்னியப்பன். "மொளகு போட்டு வறுத்தா நல்லாருக்கும்."

மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. அந்த வாரம் முழுக்க ஜெனிஃபருக்கு வேலையே ஓடவில்லை. முன்பக்கத்தையே இரண்டு முறை நகல் எடுத்துக் கொடுத்து ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரம். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. நகல் எடுக்க வந்த கன்னியப்பன், எல்லோரும் செய்கிற மாதிரி, அசல் ஆதார் அட்டையை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜெனிஃபர் வாசலுக்கு வந்து, "கன்னியப்பண்ணா!" என்று கூப்பிட்டாள். இருட்டிக்கொண்டு வந்த தெருவில் அவர் அப்படியே நின்றார். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். நின்றார், திரும்பவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான், "இன்னாம்மா?" என்று முகத்தைக் காட்டினார்.

இருட்டில் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவை கூப்பிடும் வரை பதில் சொல்லக்கூடாது என்பது ஊரறிந்த விஷயம். மூன்று முறை கூப்பிட்டால் மனுஷர்தான், இரண்டோடு நின்றுவிட்டால் கூப்பிட்டது வேறு எதுவோ. ஜெனிஃபர் உட்பட எல்லோரும் யோசிக்காமல் செய்கிற காரியம்தான் இது. ஆனால் பயமே இல்லாத ஆள் எதற்காக மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தார்? அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜெனிஃபர் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஞாயிறு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. புது ஆட்டம் என்பதால் புதுத் தாள் கொடுத்தாள். வழக்கம்போல மூன்று பேரும் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை ஜெனிஃபர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

பாலாறு விண்கலம் சனிக்கிரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, போய்ச் சேர இரண்டு வருடம் ஆகும். ஆட்கள் பெட்டிக்குள் படுத்துத் தூங்குவார்கள், முறை வைத்து ஒருவர் மட்டும் விழித்திருப்பார். கட்டையை உருட்டினார்கள். முறை கன்னியப்பனுக்கு விழுந்தது. சசிரேகாவும் அரவிந்தனும் தூங்குகிறார்கள் என்பதால் அவர்கள் பேசக்கூடாது என்றாள். இருவரும் வாயையும் கண்ணையும் மூடிக்கொண்டார்கள்.

கன்னியப்பன் கலத்தைச் சுற்றி வந்தார். மோட்டாரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கதவு கதவாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஜெனிஃபர் பிணம் எதையும் காட்டவில்லை, ஜந்து எதையும் இறக்கவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை, கடையில் பேசுகிற சாதாரணக் குரலிலேயே சொன்னாள்.

"நீங்க நாற்காலியில உக்காந்துகினு கீறீங்க. பின்னாடி வயர்லெஸ் பெட்டி. அதுலேர்ந்து, கன்னியப்பான்னு ஒரு கொரல்."

அவர் சிரித்தார். கையிலிருந்த முறுக்கை ஆட்டினார். "நான் பதில் சொல்ல மாட்டனே."

"சரி. கொஞ்ச நேரம் போவுது. மறுபடியும், கன்னியப்பான்னு."

அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். ஜெனிஃபர் ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றியது. பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது.

"அப்பறம்?" என்றார் கன்னியப்பன்.

"அப்பறம் ஒண்ணியும் இல்லண்ணா. அமைதியா கீது."

"மூணாவது?"

"ரெண்டு வாட்டிதான் கூப்ட்டுது."

சிரிப்பு அவர் வாயில் கொஞ்ச நேரம் இருந்து, பிறகு இல்லாமல் போனது. முறுக்கைத் தட்டில் வைத்தார். தாளில் தானே எழுதிய பெயரை ஒருமுறை பார்த்தார். "தூங்கறவங்க ரெண்டு பேரும் பொட்டிக்குள்ளதான கீறாங்க?"

"தெரியல. போய்ப் பாக்கறீங்களா?"

எந்த இருட்டறைக்கும் முதல் ஆளாகப் போகிற மனிதர். எதிரில் உட்கார்ந்திருந்த சசிரேகாவையும் அரவிந்தனையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்னபடி அவர்கள் வாய் திறக்கவில்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"வேணாம்" என்றார்.

"அப்ப இன்னா பண்றீங்க?"

"பின்னாடி திரும்ப மாட்டேன். அப்டியே உக்காந்துகினு இருப்பேன்." அவருடைய கை ரோமம் குத்திட்டு நின்றதை ஜெனிஃபர் பார்த்தாள். சொன்னதுபோலவே, நிஜ நாற்காலியிலும் அவர் பின்னால் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஜெராக்ஸ் மெஷினும் சுவரும் தவிர எதுவும் கிடையாது. ஒரு நிமிடம் போயிருக்கும். "இன்னொரு வாட்டி கூப்புட சொல்லும்மா" என்றார், கெஞ்சுகிற குரலில்.

ஜெனிஃபர் சொல்லவில்லை. அரவிந்தன் கண்ணைத் திறந்துவிட்டான். அவன் முகத்திலும் ரத்தமில்லை. சசிரேகா, "அய்யோ, போதும் நிறுத்து புள்ள" என்று அவள் கையைப் பிடித்தாள். அது அன்புக்காக வந்த குரல் இல்லை என்பது ஜெனிஃபருக்கு நன்றாகவே தெரிந்தது.

கன்னியப்பன் எழுந்துபோய் ஷட்டரை முழுசாக மேலே தள்ளினார். வெயில் கடை முழுக்க விழுந்தது. மணி மூன்றரை. வாசலில் நின்று தண்ணீர் குடித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அரவிந்தா, வயல்ல மோட்டார் ஓடிகினு கீது, நிறுத்தணும். கூட வாடா."

"பட்டப்பகல்லண்ணா?"

"வாடான்னா வா."

செருப்பை மாட்டிக்கொண்டே ஜெனிஃபரைப் பார்த்தார். "அம்பது கெணத்துக்கு மேல எறங்கி இருப்பேன். உள்ள எதுவும் என்னப் பேரு சொல்லிக் கூப்டும்னு ஒரு வாட்டிகூட நெனச்சதில்ல. இனிமே எறங்கசொல்ல காதத் தீட்டிகினுதான் எறங்கணும். இன்னா காரியம் பண்ணி வெச்சிட்ட பாவி!"

பல்கலைக்கழகச் சான்றிதழ் வாங்கிய அன்றைக்குக்கூட ஜெனிஃபருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை, நகல் எடுக்க வந்து நின்ற ஆள் என்னவென்று கேட்கும்வரை சிரித்தாள்.