அத்தையைக் கோபப்படுத்தும் வேலை

எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில், ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேருக்கு நடுவில் தூது போகும் வேலை எனக்குக் கிடைத்தது. அப்பாவுக்கு ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வேலை. முழுப் பரீட்சை முடிந்ததும் என்னை அரும்பாவூரில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார். அந்த வருஷம் நான் போய்ச் சேர்ந்தபோது மாமாவும் அத்தையும் பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை. அதுவரை சுவரையும் அடுப்பையும் பார்த்துப் பேசியே சமாளித்திருக்கிறார்கள். நான் வந்து இறங்கியதில் இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி.

"உங்க மாமாகிட்ட சொல்லு, சோறு போட்டாச்சு" என்பாள் அத்தை. மாமா இரண்டடி தள்ளிக் கை கழுவிக்கொண்டிருப்பார். நான் திரும்பி, "மாமா, சோறு போட்டாச்சாம்" என்பேன். "சாம்பார்ல உப்பு தூக்கல்னு சொல்லு" என்பார் மாமா. இந்தப் பதவி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டே நாளில் செய்தியில் என் சொந்தச் சரக்கையும் சேர்க்க ஆரம்பித்தேன். உப்பு தூக்கல் என்பதை, "சாம்பார் பிரமாதமாம் அத்த" என்று மாற்றிச் சொல்வேன். உண்மை ஏற்கெனவே அத்தையின் காதில் விழுந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

சண்டைக்குக் காரணம், மாமா பட்டறை வேலையை விட்டதுதான். அரும்பாவூரில் மரத்தில் சாமி சிலை செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. பெரிய பட்டறைகளில் வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் உருவம் வெட்டுவார், ஒருவர் நகை செதுக்குவார், ஒருவர் சேலை மடிப்பு. முகம் மட்டும் மூத்த ஆசாரியின் கைக்குத்தான் போகும். மாமா பதினைந்து வருஷமாகப் பீடம் செய்தவர். சாமி நிற்கிற தாமரை, அதற்குக் கீழே சுற்றி வரும் பட்டைகள், அதைத் தாண்டி அவர் உளி மேலே ஏறியதில்லை. ஒருநாள் முதலாளியிடம் போய், ஒரே ஒரு முகம் செய்யக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். உன் கைக்குத் தாமரைதான் வரும் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சிரித்திருக்கிறார். மாமா உளிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வந்தவர் அத்தையிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஏரிக்கரையில் பொழுதைப் போக்கிவிட்டு, வேலை விடுகிற நேரத்துக்குச் சரியாக வீடு திரும்பியிருக்கிறார். மூன்று நாள் இப்படி ஓடியது. நான்காம் நாள் குழாயடியில் அடுத்த வீட்டுப் பெண்மணி சொல்லித்தான் அத்தைக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

அந்தச் சமயத்தில் பெரம்பலூரில் மாவட்டத்துக் கைவினைக்காரர்களுக்குப் போட்டி வைக்கப்போவதாக அறிவித்தார்கள். பொருளை ஒருவரே தொடங்கி ஒருவரே முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாமா கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, நல்ல வாகைக் கட்டை ஒன்றை நிறுத்தி, மூன்றடித் துர்க்கையைத் தொடங்கினார். நான் போனபோது இடுப்பு, மார்பு, நகைகள், காலுக்குக் கீழே எருமைத் தலை எல்லாம் முடிந்திருந்தன. பீடத்தைச் சொல்லவே வேண்டாம். முகமும், சூலம் பிடிக்கிற வலது கையும் மட்டும் வெறும் கட்டையாக நின்றன. முகம் என்ன சொல்கிறதோ அதைத்தான் கை செய்யும், அதனால் முகம் வராமல் கையைத் தொட முடியாது என்று மாமா எனக்கு விளக்கினார்.

முகம் வருவதாகத் தெரியவில்லை. துண்டுக் கட்டைகளில் ஏழெட்டு முகம் செதுக்கிப் பார்த்தார். எல்லாம் பட்டறைச் சிலைகளின் அதே சிரிப்பைச் சிரித்தன. எருமையின் தலையை மிதித்துக்கொண்டு நிற்கிறவள் கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் இருந்தாள். மரத்தில் எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் சிலையில் கைவைக்க அவருக்குப் பயம். முகம் வரவில்லையென்றால் மறுபடியும் அதே பட்டறை வாசலில் போய் நின்று தாமரை செய்யவேண்டியதுதான் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். இதை அத்தையிடம் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டறை முதலாளியே வந்துவிட்டார். காலை நேரம். அத்தை உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி கொட்டகையைச் சுற்றி வந்து, முகமில்லாத துர்க்கையைப் பார்த்து, ரொம்ப அனுதாபமாகத் தலையை ஆட்டினார். "மொகம் வேணும்னா சொல்லுப்பா, நம்ம பெரிய ஆசாரிய அனுப்பி வைக்கிறேன். பீடம் அருமையா வந்திருக்கு" என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அத்தை சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். கையில் தோசைக்கரண்டி, இடது புருவம் தனியாக மேலே ஏறியிருந்தது, கீழுதட்டின் ஒரு ஓரம் பல்லுக்குள் போயிருந்தது.

"அவரு கைக்கு மொகம் வராதுன்னு யாருங்க சொன்னது? பதினஞ்சு வருஷமா உங்க சாமிங்களுக்கெல்லாம் நிக்க எடம் செஞ்சு குடுத்தவரு அவரு. அவரு கை வைக்கலன்னா உங்க சாமி அத்தனையும் தரையிலதான் நின்னுருக்கணும். வூடு தேடி வந்துட்டீங்க, காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

முதலாளி காப்பி குடிக்காமலே கிளம்பிவிட்டார். அத்தை மாமா பக்கம் திரும்பவேயில்லை. "உங்க மாமாகிட்ட சொல்லு, தோச ஆறுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

அன்று மத்தியானம் மாமா என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு ரகசியமாகப் பேசினார். காலையில் பார்த்த அந்த முகம்தான் துர்க்கைக்கு வேண்டுமாம். ஆனால் பாதிதான் மனதில் நிற்கிறதாம். "இன்னும் ரெண்டு மூணு தடவ பாத்துட்டா போதும் பாப்பா. நீதான் ஏற்பாடு பண்ணணும்" என்றார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். தூது போனதோடு அத்தையைக் கோபப்படுத்தும் வேலையும் என் தலையில் விழுந்தது இப்படித்தான்.

இரண்டாவது வேலையில் எனக்கு இயற்கையாகவே திறமை இருந்தது. முதல் நாள் பால் கறக்கும் முன்பே கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டேன். மறுநாள் கொல்லையில் காயவைத்திருந்த வற்றல் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். அத்தை கரண்டியும் கையுமாக என்னைத் துரத்துவாள். நான் திட்டப்படி கொட்டகை முன்னால் ஓடிவந்து ஒரு சுற்றுச் சுற்றுவேன். மாமா தகரத்து இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் விழுந்த அடிகளைக் கலைக்காக நான் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், தண்ணீர் நிரம்பிய தவலையைக் கவிழ்த்துவிட்டு ஓடியபோது, அத்தை பின்னாலிருந்து, "நில்லுடி அங்கயே! ஏய், பாத்து ஓடுடி, கல்லு கெடக்கு, விழுந்துடப்போற!" என்று கத்தினாள். அன்று மாமா, "கெடச்சிருச்சு பாப்பா" என்றார். அடிக்க வருகிறவளின் கண் என் காலடியில் கிடந்த கல்லைத்தான் பார்த்ததாம். என்னமோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அடி நின்றதுதான் பெரிதாக இருந்தது. அதன் பிறகு நான்கு நாள் கொட்டகைக்குள் யாரையும் விடவில்லை. கொட்டாப்புளி உளியைத் தட்டும் சத்தம் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கேட்டது. முடிந்ததும் சிலையைப் போர்வையால் மூடிக் கட்டிவிட்டார்.

போட்டியன்று குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் சிலையை ஏற்றினோம். நானும் போவதாக ஏற்பாடு. கிளம்புகிற நேரத்தில் அத்தை, "புள்ளைய தனியா அனுப்ப முடியாது, கண்டதையும் வாங்கிக் குடுத்து வயித்தக் கெடுத்துடுவாங்கன்னு சொல்லு" என்று சொல்லிக்கொண்டே தானும் ஏறிவிட்டாள். என்னைக் காவல் காக்க எதற்குக் கல்யாணப் பட்டு கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை.

பெரம்பலூர் மண்டபத்தில் நல்ல கூட்டம். உடையார்பாளையத்துப் பட்டுப் புடவைகள், மண் பானைகள், கோரைப்பாய்கள், ஒரு பக்கம் முழுவதும் எங்கள் ஊர் மரச் சிலைகள். அத்தை சிலைப் பக்கமே வராமல், முதுகைத் திருப்பிக்கொண்டு புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா போர்வையை அவிழ்த்தார். பட்டறை முதலாளியும், தான் ஒருவரே செய்ததாகச் சொல்லிக்கொண்டு, ஒரு பெரிய சரஸ்வதியோடு இரண்டு மேசை தள்ளி நின்றார்.

நடுவர் சிற்பக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், வயதானவர். ஒவ்வொரு மேசையிலும் நின்று, எதைப் பார்த்து இதைச் செய்தீர்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் ஆள், கனவில் அம்மன் வந்தாள் என்றார். இரண்டாவது ஆளுக்கும் கனவில் அம்மன். முதலாளியின் கனவில் அம்மன் வந்ததோடு இல்லாமல் அளவும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த மாதம் அம்மன் எங்கள் ஊரில் கண் மூடவே இல்லை போலிருக்கிறது. நடுவர் எதையும் எழுதிக்கொள்ளாமல் எங்களிடம் வந்தார்.

வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "கோவம் இருக்கு, ஆனா பாக்க பயமா இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வலது கையைக் காட்டி, "சூலத்த இப்படி ஆள்காட்டி வெரல நீட்டிப் புடிச்சு நான் எந்தக் கோயில்லயும் பாத்ததில்லையே. இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

மாமா, "கனவுல..." என்று ஆரம்பித்துத் தடுமாறினார். அவர் தோற்றுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. தோற்றால் தாமரைதான். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது தோசக்கரண்டிங்க சார். எங்க அத்த அப்படித்தான் புடிக்கும். மொகமும் எங்க அத்ததான். கோவம் வர்றதுக்காக நான் மூணு நாளு அடி வாங்கினேன்!"

அத்தை புடவைகளை விட்டுத் திரும்பினாள். இடது புருவம் தனியாக மேலே ஏறியது, கீழுதட்டின் ஓரம் பல்லுக்குள் போனது. நடுவர் அத்தையைப் பார்த்தார், துர்க்கையைப் பார்த்தார், திரும்ப அத்தையைப் பார்த்தார். பானை செய்கிறவர் ஒருவர்தான் முதலில் கை தட்டினார். பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக நடுவர் பேனாவைத் திறந்து எழுதினார்.

முதல் பரிசு மாமாவுக்கு. மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது, முதலாளி எங்கள் மேசைக்கு வந்து துர்க்கையின் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்ததுதான். "மொகம் வந்துருச்சுய்யா" என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா அப்போதும் பெரிதாகச் சிரிக்கவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மூன்று பேரும் குட்டி யானையின் பின்பக்கம் சிலையோடு உட்கார்ந்துகொண்டோம். சத்தியத்தை மீறியதற்கு மாமா என்ன செய்வாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வண்டி குரும்பலூர் தாண்டியது. அதன் பிறகு அத்தை, என் தலைக்கு மேலே நேராக மாமாவைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"ஏங்க, வேலைய விட்டீங்க, என்னக் கேட்டீங்களா? ஏரிக்கரையில போயி குந்தியிருந்தீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? இப்ப என் மூஞ்சிய எடுத்து எரும தல மேல வச்சிருக்கீங்க, அதையாச்சும் கேட்டீங்களா? அந்த வூட்டுல நான் என்ன, தூணா?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒரு மாதத்துக்கும் மேலே சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது. புருவத்தை இவ்வளவு தூக்கலாமா, ஊரில் நாளைக்கு எப்படித் தலை காட்டுவது, குழந்தையை அடிவாங்க வைத்த மனிதன் ஒரு மனிதனா என்று அத்தை விடாமல் திட்டிக்கொண்டு வந்தாள். நான் பழக்கதோஷத்தில், "மாமா, அத்த திட்டுது" என்றேன். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் பாப்பா" என்றார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. சால்வை போட்டபோது வராத சிரிப்பு இப்போது எதற்கு வருகிறது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

கிருஷ்ணாபுரம் வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான் வீடு. மாமா டிரைவர் பக்கத்துக் கம்பியைத் தட்டி, "தம்பி, கொஞ்சம் மெதுவாவே போப்பா" என்றார்.

சிலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதான் அவர் பயப்படுகிறார் என்று நினைத்து, அரும்பாவூர் வரும்வரை நான் துர்க்கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.